காகிதப் பை வந்த வழி



மன்னர்களின் போர்களையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் கூறுவதே வரலாறு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நாள்தோறும் நம் அடுக்களையிற் புழங்கும் எளிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய பொருள்களுள் மிக எளியதொன்றை இன்று எடுத்துக்கொண்டுள்ளேன். பழைய செய்தித்தாளையோ, எழுதி முடிந்த அப்பியாசக் கொப்பியின் தாளையோ மடித்து, கோதுமை மாப் பசையிட்டு ஒட்டிச் செய்யும் காகிதப் பையே அது. கடைக்காரர் அதிற் காற்கிலோச் சீனியை நிறுத்துத் தருவார். வீட்டிற் சீனி போத்தலுக்குள் போனதும் பை அடுப்புக்குள் போய்விடும். அதன் வாழ்நாள் பெரும்பாலும் ஒரே நாள்தான்.

ஒரு நாள் வாழும் இப்பொருளுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாறு உரோமாபுரியையும் சீனத்தையும் அமெரிக்காவையும் தொட்டு, இறுதியில் நம் கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களின் கடைகளுக்கும் லயங்களுக்கும் வந்து சேர்கின்றது. அதைப் பின்பற்றிச் செல்லும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழக் காண்போம். கழிவுத் தாள் என்று எதைச் சொல்வது? ஒரு தாளின் பயன் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளிப்பவர் யார்? மலைநாட்டு மக்களாகிய நமக்கு இக்கேள்வி வெறும் வேடிக்கையன்று என்பதைப் பின்னர் விளக்குவேன்.

காகிதம் வருவதற்கு முன்னர் பொருளைப் பொதிய இலையும் மடலுமே உதவின. மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களிற் கொலபத்த எனப்படும் கமுக மடலிற் சோறு கட்டினர். கெந்த இலையில் வைத்து அவித்த ஹலபாவை இன்றும் உண்கின்றோம். தமிழகத்திலிருந்து நம் முன்னோர் வாழையிலையிலும் தாமரை இலையிலும் மந்தாரை இலையிலும் பொதி கட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தனர். இலை, பயன் முடிந்தபின் மண்ணோடு மண்ணாகும். அதனை விற்பாரும் இல்லை. சேர்த்து வைப்பாரும் இல்லை.

எழுதிய தாளைப் பொதி கட்டப் பயன்படுத்திய செய்தி மிகப் பழங்காலத்திலேயே கிடைக்கின்றது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த மார்சியல் என்னும் புலவர், தம் புத்தகத்தைப் படிப்பார் இல்லாவிட்டால் அது மீன் பொதியவும், மிளகுக்கும் சாம்பிராணிக்கும் சுருளாகவும் போய்விடும் என்று நகையாடியிருக்கின்றார். அந்நாளில் உரோமாபுரியில் விற்ற மிளகின் பெரும்பகுதி சேரநாட்டுக் கரையிலிருந்து, முசிறி முதலிய துறைமுகங்கள் வழியாகச் சென்றதாகும். தமிழகத்து மிளகு, விலைபோகாத கவிதை எழுதிய பாப்பிரசுத் தாளிற் சுருட்டப்பட்டு உரோமானியர் வீட்டுக்குச் சென்றது என்று எண்ணும்போது சிரிப்பு வருகின்றது. இன்று கச்சான் விற்பவர் சுருட்டித் தரும் சரை அப்பழைய சுருளின் வழித்தோன்றலே.

தாளாற் பை தைத்த செய்தி சீனத்திலிருந்து வருகின்றது. கி. பி. 105 ஆம் ஆண்டிற் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி மரப்பட்டை, கந்தல், பழைய மீன்வலை முதலியவற்றிலிருந்து காகிதம் செய்யும் முறையை அரசனுக்கு அறிவித்தார் என்பது சீன வரலாற்று மரபு. அதற்கு முந்திய காகிதத் துண்டுகளும் அகழ்வாராய்ச்சியிற் கிடைத்துள்ளன. காகிதம் தன் பிறப்பிலேயே கழிவுப் பொருளிலிருந்து வந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். எட்டாம் நூற்றாண்டில் தேயிலையைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய லு யூ என்பவர், வாட்டிய தேயிலையின் மணம் போகாதிருக்க வெண்மையான தடித்த காகிதத்தை இரட்டையாக வைத்துத் தைத்த பையில் அதனைச் சேமிக்கவேண்டும் என்று கூறுகின்றார். ஆகவே நாம் அறிந்த மிகப் பழைய காகிதப் பைகளுள் ஒன்று தேயிலைக்காகவே தைக்கப்பட்டது. தேயிலை மண்ணில் வாழும் நமக்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும்.

இவ்வாறு தொடக்கத்திலேயே இரண்டு வழிகள் தோன்றிவிட்டன. ஒன்று, புதிய தாளிற் பை செய்வது. மற்றொன்று, பயன் முடிந்த தாளைச் சுருட்டியோ மடித்தோ பொதி செய்வது. முதல்வழி பின்னாளில் இயந்திரத்தின் கைக்குப் போயிற்று. இரண்டாம் வழி மனிதக் கைகளிலேயே தங்கிவிட்டது.

இயந்திரத்தின் கதையைச் சுருக்கமாகக் கூறுவேன். அமெரிக்காவிற் பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லகேம் என்னும் ஊரில் வாழ்ந்த பிரான்சிசு வூல் என்பவர், 1852 ஆம் ஆண்டிற் காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஓர் ஆசிரியர்; பின்னர் பெண்கள் கல்லூரியொன்றின் அதிபராகவும் பணியாற்றினார். அவருடைய பை கடித உறை போலத் தட்டையாக இருந்தது. நிறுத்தி வைக்கக்கூடிய, அடிப்பாகம் சதுரமான பையை இயந்திரத்திற் செய்யும் வழியைக் கண்டவர் மார்கிரட் நைட் என்னும் பெண்மணி. பருத்தி ஆலையில் இளவயதிலேயே வேலை செய்தவர் அவர். மாசச்சூசெற்சு மாநிலத்திற் பைத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றியபோது, பைகளின் அடியைப் பெண்கள் கையால் மடிப்பதைக் கண்டு, அதனைச் செய்யும் இயந்திரத்தை 1868 ஆம் ஆண்டளவில் மரத்தில் அமைத்தார்.

அதன் பின் நடந்தது நமது பொருளுக்கு மிகவும் தேவையானது. இரும்பில் மாதிரி செய்யக் கொடுத்த பட்டறையில் அதனைப் பார்த்த சார்ல்சு அனன் என்பவர், அவருக்கு முந்திச் சென்று தம் பெயரிற் காப்புரிமை கேட்டார். நைட் அம்மையார் வழக்குத் தொடுத்தார். தம் வரைபடங்களையும் குறிப்புகளையும் மாதிரிகளையும் சாட்சிகளையும் முன்வைத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. 1871 ஆம் ஆண்டிற் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. காகிதப் பை இயந்திரத்தைக் கண்டவரின் உரிமையைக் காத்தவற்றுள், அவர் எறிந்துவிடாமல் வைத்திருந்த தாள்களும் இருந்தன.

இனி நம் மலைகளுக்கு வருவோம்.

புசல்லாவை, இறம்பொடை, கொத்மலை ஆகிய பகுதிகளிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய கோப்பி இலைநோய் அத்தொழிலை அழித்த பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் லயங்களிற் குடியேற்றப்பட்டனர். தோட்டத்திலிருந்து தேயிலை வெளியே சென்றது மரப்பெட்டியில். ஈயத்தகடும், பின்னாளில் அலுமினியத் தகடும் உள்ளே பதித்த பெட்டிகள் அவை. தோட்டத்துக்கு உள்ளே அரிசி வந்தது சணற் சாக்கில். பெட்டியும் சாக்கும் பெரும் வணிகத்துக்கு உரியவை. ஆனால் லயத்துக் குடும்பம் வாங்கியதோ கால் இறாத்தல் சீனி, அரைக் கால் இறாத்தல் பருப்பு, ஒரு நேரத்துக்கு வேண்டிய கொத்தமல்லி, மிளகாய் முதலியவை. நாட்சம்பளத்தில் வாழ்ந்து, சம்பள நாள்வரை கடையிற் பற்று எழுதி வாங்கும் குடும்பத்தால் மொத்தமாக வாங்க இயலாது. வாங்கும் அளவு சிறுத்தால் பொதிகளின் எண்ணிக்கை பெருகும். ஒரு சாக்குச் சீனி நூற்றுக்கணக்கான சிறு பொதிகளாகப் பிரிந்து போகும். இதுவே தோட்டக் கடைகளிற் காகிதப் பொதி பெருகியதற்குக் காரணம். வறுமையின் அளவுக்கு ஏற்ற பாத்திரமாக அது அமைந்தது.

அப்பொதி மூன்று வடிவங்களில் இருந்தது. முதலாவது சுருள். தாளைக் கூம்பாகச் சுருட்டி அடியை முறுக்கினால் ஆயிற்று. பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். இரண்டாவது பொட்டலம். சதுரத் தாளின் நடுவிற் பொருளை வைத்து நான்கு புறமும் மடித்து நூலாற் கட்டுவது. மூன்றாவது ஒட்டிய பை. சுருளையும் பொட்டலத்தையும் கடைக்காரர் நின்ற இடத்திலேயே செய்துவிடுவார். ஒட்டிய பையோ முன்னரே செய்து வைக்கவேண்டியது. ஆகவே அது வீடுகளுக்குச் சென்றது. பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் ஓய்ந்த நேரத்தில் ஒட்டி, நூறு நூறாகக் கட்டிக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு கைத்தொழில் இலங்கையின் பல ஊர்களிலும் வளர்ந்தது. இயந்திரத்துக்கு ஒரே அகலமுள்ள தாட்சுருள் வேண்டும். பழைய தாள்களோ அளவாலும் தடிப்பாலும் வேறுபட்டவை. அவற்றைப் பார்த்து, தெரிந்து, அளவுக்கு ஏற்ப மடிக்கக் கண்ணும் கையும் வேண்டும். அதனாலேயே இத்தொழிலை இயந்திரம் பறித்துக்கொள்ளவில்லை.

செய்முறையை நேயர்கள் அறிந்திருக்கலாம். அறியாத இளையோருக்காகச் சொல்கின்றேன். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தாற் கோணலாகப் போகும். காகிதம் ஆலையில் ஓடும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் படிவதே இதற்குக் காரணம். பையின் நீளம் அந்நாரின் திசையில் அமைந்தால் ஒட்டிய விளிம்பு சுருங்காமற் படிந்திருக்கும். தாளின் இரு பக்கங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு விரலளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறவைத்துப் பசையிட வேண்டும். குழாய் போன்ற இதன் அடியை மூன்று விரலளவு மடித்து, மடித்ததைத் திறந்தால் இருபுறமும் முக்கோணங்கள் விழும். மேலும் கீழுமுள்ள மடல்களை நடுவில் ஏறும்படி மடித்து ஒட்டினால் அடி உறுதியாகும். பசைக்குக் கோதுமை மாவைக் குளிர்ந்த நீரிற் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறிக் காய்ச்சினாற் போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கத் துருசு சேர்ப்பர். அது நஞ்சாதலின் உணவுப் பைக்கு ஒருபோதும் ஆகாது. ஒட்டிய பைகளை வெயிலில் நன்கு உலர்த்தவேண்டும். மழையும் பனியும் மிகுந்த நம் மலைகளில் இவ்வுலர்த்தலே கடினமான வேலை. ஈரம் நின்ற பை இரண்டு நாளிற் பூஞ்சணம் பிடித்துவிடும்.

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் பிள்ளைகளாயிருந்த எம் தலைமுறையினருக்கு இப்பைகள் வாசிப்புப் பொருளாகவும் இருந்தன. நூலகம் இல்லாத தோட்டங்களிற் சீனிப் பையைப் பிரித்துப் படித்த பிள்ளைகள் பலர். பாதியிற் கிழிந்த கதைக்கு முடிவை நாமே கட்டிக்கொள்வோம். வேறொரு பாடசாலை மாணவனின் கணக்கும், அதன்மேல் ஆசிரியர் இட்ட சிவப்புக் கோடும் நம் வீட்டுக்கு வந்து சேரும். தேடிப் போக முடியாத எழுத்து, பருப்போடு சேர்ந்து வந்தது.

இங்கேதான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பவேண்டியுள்ளது. மடிக்கப்பட்ட தாள்கள் எல்லாம் கழிவுத் தாள்கள்தாமா?

மேனாட்டில் நிகழ்ந்ததொன்றை முதலிற் கூறுவேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த ஜோன் வார்பேட்டன் என்னும் சேகரிப்பாளர், பழைய ஆங்கில நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள் ஐம்பதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். அவர் வீட்டுச் சமையற்காரி அவற்றை வேண்டாத தாள்கள் என்று கருதி, அடுப்பு மூட்டவும் பணியாரத் தட்டின் அடியில் விரிக்கவும் எடுத்துத் தீர்த்துவிட்டாள் என்று அவரே எழுதி வைத்தார். எஞ்சியவை மூன்று நாடகங்களும் ஒரு துண்டும் மட்டுமே. சமையற்காரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. எது காக்கவேண்டியது என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை.

நம் மலைநாட்டில் இக்கேள்வி இதனினும் கடுமையான வடிவத்தில் எழுந்தது. இங்கே ஒரு துண்டுத் தாள் மனிதனின் விதியை நிருணயித்த காலம் ஒன்று இருந்தது. ‘துண்டு’ என்றே அத்தாளுக்குப் பெயர். தொழிலாளர் தோட்டத்துக்குப் பட்டிருந்த கடன் எவ்வளவு, அதனைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கத் தோட்டத்துரை இசைவார் என்பதை எழுதிய சீட்டு அது. பெரிய கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய், அங்கே முற்பணம் பெற்று, பழைய கடனை அடைத்து, ஆட்களைப் பெயர்த்துச் செல்வார். கடன் கூடியதேயன்றிக் குறையவில்லை. 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அத்துண்டு கிழிக்கப்பட்டபோது வருந்தியவர் லயங்களில் எவரும் இருந்திருக்கமாட்டார்.

ஆனால் அடுத்து வந்த காலத்தில் தாள் இல்லாமையே துன்பமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. 1946 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்தமையை நிறுவவேண்டும் என்றது அச்சட்டம். நிறுவுவது எதைக் கொண்டு? தோட்டத்துப் பதிவுகளும் பிறப்புச் சான்றுகளும் போன்ற தாள்களைக் கொண்டே. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. அரசியலே அவற்றுட் பெரிது. ஆயினும் வசித்ததைக் காட்டத் தாள் இல்லாதவர் நிலை மிகவும் இரங்கத்தக்கது. ஓலைக்கூரையும் தகரக்கூரையும் ஒழுகும் லயத்து அறையில், எழுத்தறியாத ஒரு தாய் எந்தத் தாளை ஏழாண்டு காத்து வைத்திருப்பாள்? எந்தத் தாள் அடுப்புக்கு உரியது, எந்தத் தாள் வாழ்வுக்கு உரியது என்று அவளுக்கு யார் சொன்னார்? 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் அதன்பின் வந்த சட்டங்களும் கடந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்திற்றான் இந்நாடற்ற நிலைக்கு முடிவு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அத்துன்பத்தை நினைக்கும் எவரும், பழைய தாள்க் கட்டு ஒன்றைப் பார்க்காமலே நிறுத்து விற்கத் துணியார்.

எழுத்துலகிலும் இழப்பு நேர்ந்தது. தொழிலாளர்க்காகப் போராடிய கோ. நடேசய்யர் 1920களிற் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்தினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுகள் இயற்றி வெளியிட்டார். மலிவுத் தாளில் அச்சாகி மக்கள் கையிற் புழங்கிய அத்தகைய வெளியீடுகளின் பிரதிகள் இன்று கிடைத்தற்கு அரியனவாகிவிட்டன. அவற்றுள் எத்தனை கடைச் சுருள்களாகி மறைந்தனவோ, எவரறிவார்? படித்தவர் கையிலிருந்து கடைக்குப் போன தாள் அது. மடித்தவர் மீது பழியில்லை.

இனித் தாளுக்கே பஞ்சம் வந்த காலங்களைப் பார்ப்போம். நம் நாட்டிற் காகிதம் செய்யும் முயற்சி 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனைக் காகித ஆலையோடு தொடங்கிற்று. வைக்கோலும் இலுக்குப் புல்லும் அங்கே கூழாக்கப்பட்டன. 1970களிற் எம்பிலிப்பிட்டியில் இரண்டாவது ஆலை எழுந்தது. எனினும் நாட்டின் தேவைக்குப் பெரும்பகுதித் தாள் வெளிநாட்டிலிருந்தே வந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தாளும் அரிதாயிற்று, மாவும் அரிதாயிற்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. உண்ண மாவில்லாத வீட்டில் பசை காய்ச்ச எவர் மா எடுப்பார்? பசை வேண்டாத சுருளும் பொட்டலமுமே அந்நாளுக்குப் பொருந்தின.

அரை நூற்றாண்டு கழித்து, 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியினால் தாள் இறக்குமதி தடைப்பட்டது. மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ‘த ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. தாள் என்பது தானாகக் கிடைக்கும் பொருள் என்று நினைத்திருந்த இளந்தலைமுறைக்கு அது ஒரு பெரும் பாடமாயிற்று.

இந்த இரண்டு பஞ்சங்களுக்கும் இடையிற்றான் காகிதப் பை தன் அரசை இழந்தது. 1977 ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் பொலித்தீன் பெருகிற்று. கடையிற் கொடுக்கும் மெல்லிய பைக்கு அதன் ஓசையைக் கொண்டே ‘சிலிசிலி’ என்று சிங்கள மக்கள் பெயரிட்டனர்; தமிழர் ‘சொப்பிங் பை’ என்றனர். கைப்பிடியோடு கூடிய அப்பையின் வடிவத்தை அமைத்தவர் சுவீடன் நாட்டுச் ஸ்டென் குஸ்டாவ் தூலின் என்பவர். அமெரிக்கக் காப்புரிமை 1965 ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டே தம் தந்தை அதனை உருவாக்கினார் என்றும், மக்கள் அதனை மடித்துப் பையிலிட்டுக்கொண்டு பலமுறை பயன்படுத்துவர் என்று அவர் எண்ணினார் என்றும் அவருடைய மகன் பிற்காலத்திற் கூறினார். மக்கள் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தனர். மழைநாட்டில் நனையாத பை வந்தபோது அதனை விரும்பியதிற் குற்றமில்லை. ஆனால் எறிந்த பை ஓடையில் விழுந்தது. ஓடை ஆற்றிற் கலந்தது. கொத்மலை ஓயாவின் கரையில் நின்று மழைக்காலத்து வெள்ளத்தைப் பார்ப்பவர், முட்செடிகளிற் சிக்கிக் கிடக்கும் பைகளை எண்ணி முடிக்க இயலாது. அந்த ஆற்றை மறித்து 1985 ஆம் ஆண்டில் நிறைவேறிய கொத்மலை நீர்த்தேக்கம், மேலிருந்து வருவதையெல்லாம் ஏற்கின்றது.

அரசுகள் சட்டம் செய்யத் தொடங்கின. 2002 ஆம் ஆண்டில் மெல்லிய பொலித்தீன் பையை முற்றாகத் தடைசெய்த முதல் நாடு பங்களாதேசம். வடிகால்களைப் பைகள் அடைத்து வெள்ளத்தைப் பெருக்கியமையே காரணம். நம் மலைகளைப் போலவே தேயிலை வளரும் தமிழகத்து நீலகிரி மாவட்டம், 2000 ஆம் ஆண்டையொட்டியே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. இலங்கையில் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீன் 2007 ஆம் ஆண்டிலிருந்து தடைசெய்யப்பட்டது. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து மெல்லிய கடைப் பைகளுக்கும், சோற்றுப்பொதி சுற்றும் பொலித்தீன் தாளுக்கும், ரெஜிபோம் உணவுப்பெட்டிகளுக்கும் தடை வந்தது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதியிலிருந்து கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தலாகாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகளுக்கு இடையிலேயே பழைய காகிதப் பை மீண்டும் கடைவாயிலில் எட்டிப் பார்க்கின்றது. பல வடை கடைகளில் அது ஒருபோதும் விடைபெற்றுப் போகவும் இல்லை. தேயிலையும் அதே வழியில் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மரப்பெட்டியின் இடத்தைப் பல அடுக்குக் காகிதச் சாக்குகள் பெற்றன.

ஆயினும் காகிதப் பை குற்றமே இல்லாத பொருள் என்று கூறி நேயர்களை மயக்க நான் விரும்பவில்லை. அச்சுமையும் எழுதுமையும் உணவுக்கு உரியவையல்ல. சூடான எண்ணெய் மையைக் கரைத்து உணவிற் சேர்த்துவிடும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2016 ஆம் ஆண்டிற் செய்தித்தாளில் உணவு பொதிவதற்கு எதிராக எச்சரித்து, பின்னர் விதியாலும் அதனைத் தடுத்தது. ஆகவே வடைக்கும் ரொட்டிக்கும் வாழையிலையையோ எழுதாத வெள்ளைத் தாளையோ இடவேண்டும். எழுதிய தாளிற் செய்த பை, உறையிட்ட சவர்க்காரத்துக்கும் ஆணிக்கும் விதைக்கும் தோலுரிக்காத காய்க்கும் போதும். புதிய தாளை வெட்டிப் பை செய்தால் மரமும் நீரும் வீணாகும்; பழைய தாளை மடித்தால் முன்னரே செலவானது இன்னொருமுறை பயன்தரும். இப்பையின் சிறப்பு முழுவதும் அது பழைய தாளாயிருப்பதிற்றான் உள்ளது.

பாடசாலை அதிபராகப் பணிபுரிந்து வரும் நான் ஆண்டு முடிவில் தாள்க் கட்டுகளைக் காணாத ஆண்டில்லை. எழுதி முடிந்த கொப்பிகள், விடைத்தாள்கள், பழைய இடாப்புகள் யாவும் மூலையிற் குவியும். பழைய பேப்பர் வாங்குபவர் தராசோடு வாயிலில் நிற்பார். தராசுக்கு எல்லாத் தாளும் ஒரே நிறைதான். சேர்வு இடாப்பில் ஒரு பிள்ளையின் பிறந்த திகதி இருக்கும். நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை ஓய்வூதியத்துக்கோ அடையாள அட்டைக்கோ சான்று தேடி அதே வாயிலுக்கு வருவார். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் அந்த ஊரின் வெள்ளமும் மண்சரிவும் கொள்ளைநோயும் எழுதப்பட்டிருக்கும். இவை அடுத்த தலைமுறையின் வரலாற்று நூல்கள்.

எனவே பாடசாலைகளிலும் வீடுகளிலும் பை ஒட்டும் பழக்கத்தை மீண்டும் தொடங்க விரும்புவோருக்கு ஒரு முறையைக் கூறுவேன். தாள்களை முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெயர், திகதி, முகவரி, கையொப்பம் உள்ளவை ஒரு குவியல், அவை காக்கவேண்டியவை. பழைய சஞ்சிகைகள், ஊர்க்கோயில் விழா அறிவித்தல்கள், சங்கங்களின் துண்டுப்பிரசுரங்கள் இரண்டாம் குவியல். அவற்றுள் ஒவ்வொரு பிரதியையேனும் நூலகத்துக்குக் கொடுங்கள். எஞ்சியதே கழிவுத் தாள். அதனைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பசை காய்ச்சச் சொல்லுங்கள். பிரிக்கும் வேலையையும் அவர்களிடமே விடலாம். வாசித்துப் பார்த்து, இது முடிந்தது, இது முடியவில்லை என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வரலாற்றுப் பாடத்தின் முதற்படி வந்துவிட்டது. பை ஒட்டத் தெரிவது அதற்கு மேலான இலாபம்.

தாள் ஒன்றினால் அலைக்கழிக்கப்பட்ட மக்கள் நாம். அதனைச் சிக்கனமாக மடிக்கவும் கவனமாகக் காக்கவும் நம்மினும் உரியவர் யார்? அடுத்தமுறை கடைக்காரர் காகிதப் பையொன்றிற் பருப்பை நிறுத்துத் தரும்போது, அதனை எறியுமுன் ஒருமுறை பிரித்து, அதில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.